கைராசி: ஒரு எதிர்ப்பதிவு (நிஜமாவே அறுவை)

டிஸ்கி: தலைப்பிலேயே சொல்லிட்டேன், இது அறுவைப் பதிவு. ரெண்டு அர்த்தத்திலும். வயித்தைக் கலக்குற விஷயங்கள் கொஞ்சம் வரும். சாப்பிட்டுட்டு வந்து படிங்க.

ஆபீஸ்ல ஆணி அதிகம், ஒரு மாசமா இந்தப் பக்கமே எட்டிப் பாக்கலை. நேத்து ராத்திரிதான் சக பதிவர் ஒருத்தரோட பதிவைப் படிச்சேன். அவருக்குப் பித்தப்பைக் கல். ஆபரேஷன் ஆச்சு. நாலு சின்ன ஓட்டை, மறுநாள் டிஸ்சார்ஜ், மூணாம் நாள் பிரியாணி. சந்தோஷம்ணே, நல்லா இருங்க. ஆனா பதிவோட கடைசி வரி இது: "எங்க டாக்டர் கைராசிக்காரர், 18 நிமிஷத்துல முடிச்சுட்டார், கீறவே இல்ல."

கீழ பின்னூட்டம் 40க்கு மேல. "கைராசி முக்கியம்ண்ணே", "எங்க மாமாவுக்கு இன்னொருத்தர் வயித்தைக் கிழிச்சுட்டான், தொழில் தெரியாதவன்", "எங்கம்மாவுக்கு அடுத்த மாசம் ஆபரேஷன், டாக்டர் நம்பர் ப்ளீஸ்".

அந்தக் கடைசிப் பின்னூட்டம் என்னைத் தூங்க விடலை. அதனாலதான் இந்த எதிர்ப்பதிவு. அண்ணே, உங்க மேல கோவம் இல்ல. அந்த மூணு வார்த்தை மேலதான் கோவம்: கைராசி, 18 நிமிஷம், கீறவே இல்ல. இதே மூணையும் 2022ல நானும் நம்பினேன். விலை குடுத்தது என் சித்தி.

நடந்த கதை

சித்தின்னா வெறும் சித்தி இல்ல. அப்பா வெளியூர்ல வேலை பாத்தப்போ பத்தாவதுல இருந்து பன்னெண்டாவது வரைக்கும் என்னைச் சோறு போட்டு வளர்த்தவங்க. நான் இன்ஜினியரிங் படிச்சதுல பாதி கிரெடிட் அவங்களுக்கு. (மீதி பாதி அரியர்ஸ் எழுத வெச்ச பல்கலைக்கழகத்துக்கு.)

2022 ஆடி மாசம் வயித்துவலி. ஸ்கேன்ல பித்தப்பைல கல், சுத்தி நல்ல வீக்கம். தங்கச்சி கல்யாணம் ஆவணிக் கடைசில. நடுவுல அஞ்சே வாரம். பக்கத்து டவுன்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரில சேர்த்தோம். ஊரே சொன்ன கைராசிக்காரர். பெங்களூர்ல இருந்து பஸ் புடிச்சு நானும் போனேன், "படிச்ச புள்ள, நீதான் பேசணும்"னு.

டாக்டர் சொன்னது இன்னும் காதுல இருக்கு. "லேப்ராஸ்கோப்லதான் பண்ணுவோம். வீக்கம் இருக்கு. உள்ள சரியா தெரியலைன்னா ஓபன் பண்ண வேண்டி வரலாம்."

படிச்ச புள்ள என்ன சொன்னேன் தெரியுமா? "டாக்டர், ஓபன் மட்டும் வேணாம். கல்யாண வீடு. எப்படியாவது கீ ஹோல்லயே முடிச்சுக் குடுத்துருங்க." சித்தப்பா கையெடுத்துக் கும்பிட்டார். டாக்டர் ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு, "பாத்துக்கலாம்"னார்.

ஆபரேஷன் முடிஞ்சுது, ஓபன் பண்ணலை. கல்லை ஒரு டப்பால போட்டுக் காட்டினாங்க. ஆஸ்பத்திரி வாசல் டீக்கடைல எல்லாருக்கும் நான்தான் டீ வாங்கிக் குடுத்தேன்.

மறுநாள் சித்தியால எந்திரிக்க முடியலை. வயிறு உப்பி இருந்துச்சு. "ஆபரேஷனுக்கு விட்ட கேஸ்மா, நடந்தா சரியாயிடும்"னாங்க. நடக்க வெச்சோம். மூணாம் நாள் காய்ச்சல். "லேசான இன்ஃபெக்ஷன்." நாலாம் நாள் காலைல தங்கச்சிதான் பாத்தா, கண்ணு மஞ்சளா இருந்துச்சு.

சென்னைக்கு ஆம்புலன்ஸ்ல கொண்டு போனோம். அங்க சொன்னாங்க: பித்தப்பைல இருந்து வர்ற சின்னக் குழாயை வெட்டணும். வெட்டுனது கல்லீரல்ல இருந்து குடலுக்குப் போற மெயின் குழாயை. பித்தநீர் நாலு நாளா வயித்துக்குள்ள கசிஞ்சுட்டு இருந்திருக்கு. உடனே தைக்க முடியாது, உள்ள எல்லாம் புண்ணா இருக்கு, வடிகுழாய் போட்டுட்டு ஆறின பிறகு பாக்கலாம்னுட்டாங்க.

தங்கச்சி கல்யாணத்துல சித்தி மண்டபத்து ஓரத்துல ஒரு பிளாஸ்டிக் நாற்காலில உக்காந்திருந்தாங்க. பட்டுப்புடவைக்குக் கீழ பித்தநீர் பை. போட்டோகிராபர்கிட்ட "இடுப்புக்கு மேல எடுப்பா"ன்னாங்க. கார்த்திகை மாசம் பெரிய ஆபரேஷன், குடலை எடுத்து நேரா கல்லீரல் குழாயோட இணைக்கிறது. எந்தக் கீறலுக்குப் பயந்தோமோ அதைவிட ரெண்டு மடங்கு நீளக் கீறல். கடை அடமானத்துல போச்சு.

கண்ணு பண்ற வேலை

முதல்ல எனக்கும் தோணுனது "தொழில் தெரியாதவன்"ங்கற அதே வார்த்தைதான். தாய்மாமா ஒருத்தர் வேன் புடிச்சு ஆள் கூட்டிட்டு ஆஸ்பத்திரிக்குக் கெளம்பிட்டார். புடிச்சு நிறுத்துறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு. அதுக்கப்புறம் பொட்டி தட்டுறவன் புத்தி, இது எப்படி நடக்குதுன்னு தேட ஆரம்பிச்சேன். படிக்கப் படிக்க வார்த்தை மாறுச்சு.

சான் பிரான்சிஸ்கோவுல லாரன்ஸ் வேன்னு ஒரு சர்ஜன். அவரும் அவர் குழுவும் கீ ஹோல் ஆபரேஷன்ல நடந்த 252 பித்தநாளக் காயங்களை எடுத்து வெச்சு அலசி 2003ல வெளியிட்டாங்க. 97 சதவீதத்துல மூல காரணம் கண் ஏமாந்தது. கைத்திறன் குறைன்னு சொல்ல முடிஞ்சது 3 சதவீதம்தான். கை ஒழுங்கா, சுத்தமா, கிளிப் போட்டு அழகா வெட்டியிருக்கு. வெட்டுனது வேற குழாய்.

எப்படின்னா, பித்தப்பையை மேல இழுத்துப் புடிப்பாங்க. தப்பான திசைல இழுத்தா சின்னக் குழாயும் மெயின் குழாயும் ஒரே நேர்கோட்டுல வந்துரும். வீக்கம் இருந்தா ரெண்டும் ஒட்டிக்கும். பித்தப்பையோட கழுத்துல இருந்து ஒரு குழாய் புனல் மாதிரி இறங்கிப் போற மாதிரி தெரியும். பாக்குறது கேமரா வழியா, தட்டைத் திரைல. விரலால தடவிப் பாக்க வழியில்லை. "இதான் அந்தச் சின்னக் குழாய்"னு மூளை ஒரு தடவை முடிவு பண்ணிட்டா, அப்புறம் வர்ற எல்லாத் தகவலையும் அந்த முடிவுக்கு ஏத்த மாதிரியே படிக்கும். எதிர்பாராத ரத்தம் வந்தா "இங்க ஒரு ரத்தக்குழாய் கூடுதலா இருக்கு போல". இன்னொரு குழாய் தெரிஞ்சா "இந்த ஆளுக்கு அமைப்பே கொஞ்சம் வேற போல".

நம்ம தொழில்ல இதைப் பாக்காதவன் யாரு? 2017 ஜனவரி 31, கிட்லேப் கம்பெனி. ராத்திரி நேரம். ஒரு இன்ஜினியர் ரெண்டாவது டேட்டாபேஸ் சர்வர்ல இருக்கோம்னு நெனச்சு டைரக்டரியை அழிக்கிறார். இருந்தது மெயின் சர்வர்ல. ஓரிரு செகண்ட்ல சுதாரிச்சு நிறுத்துறதுக்குள்ள 300 ஜிபில மிஞ்சினது 4.5 ஜிபி. அவருக்கு லினக்ஸ் தெரியாதா? தெரியும். நெனச்ச இடம்தான் வேற.

ஆனா அதுக்கப்புறம் நடந்ததைக் கவனிங்க. கிட்லேப் நடந்ததை மறைக்காம எழுதி ஊருக்கே வெளியிட்டுச்சு. சரிபண்றதை யூடியூப்ல நேரலையாவே காட்டுனாங்க. அந்த இன்ஜினியரைத் தூக்குல போடலை, சிஸ்டத்துல என்ன ஓட்டைன்னு பாத்தாங்க.

இப்போ கைராசிக்கு வருவோம். அனுபவம் இல்லாத ஆளுங்கதான் இந்தத் தப்பைப் பண்றாங்கன்னு ஒரு காலத்துல நெனச்சாங்க. 2001ல வந்த ஒரு அமெரிக்க சர்வே சொன்னது: காயங்கள்ல மூணுல ஒண்ணு, 200 ஆபரேஷனுக்கு மேல பண்ணின சர்ஜன் கையில நடந்தது. 200 தடவை சரியா வந்தவருக்கு ஊர் வெச்ச பேருதான் கைராசி. 201வது தடவை கண்ணு ஏமாறாதுன்னு அந்தப் பேரு எந்த உத்தரவாதமும் தராது. சொல்லப்போனா வேகத்தையும் தைரியத்தையும் தான் அது வளக்கும்.

பெரிய இடத்துல போனா நடக்காதுன்னும் இல்ல. 1953 ஏப்ரல்ல லண்டன்ல ஒருத்தருக்குப் பித்தப்பை ஆபரேஷன். ஆள் யாரு? பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் ஆன்டனி ஈடன். அப்ப கீ ஹோல் எல்லாம் கெடையாது, வயித்தைத் திறந்துதான். பித்தநாளம் அடிபட்டுச்சு. திரும்பவும் ஆபரேஷன், அப்புறம் ஜூன்ல பாஸ்டனுக்குப் போய் ரிச்சர்ட் கேட்டல்ங்கற நிபுணர்கிட்ட சரிபண்ணிக்கிட்டார். 1955ல பிரதமர் ஆனார். ஆனா காய்ச்சல் விடலை. சூயஸ் நெருக்கடி நேரத்துலயும் வந்துச்சு. 1957 ஜனவரில உடம்பைக் காரணம் சொல்லி ராஜினாமா பண்ணினார். அமைச்சருக்கே அந்தக் கதி. பலசரக்குக் கடைக்காரர் பொண்டாட்டிக்கு?

மருந்து 1995லயே வந்தாச்சு

ஜெர்மனில எரிக் மியூஹே 1985ல முதல் தடவை கீ ஹோல்ல பித்தப்பையை எடுத்தார். இந்தியாவுல 1990ல மும்பைல டெஹம்டன் உத்வாடியா. அதுக்கப்புறம் உலகமே இதுக்குத் தாவிருச்சு. கூடவே காயமும் ஏறுச்சு. திறந்து பண்ணின காலத்துல ஆயிரத்துக்கு ஒண்ணு ரெண்டு. அமெரிக்காவுல 1992ல இருந்து 1999 வரை அரசு காப்பீட்டுல இருந்த முதியவர்கள்கிட்ட நடந்த சுமார் 15.7 லட்சம் பித்தப்பை ஆபரேஷன்களை எண்ணிப் பாத்தப்போ 7,911 காயம். ஆயிரத்துக்கு அஞ்சு.

"அஞ்சுதானே"ங்கறீங்களா? உங்க சர்வர் ஆயிரம் ரெக்வெஸ்ட்ல அஞ்சை டெலீட் பண்ணினா மேனேஜர் விடுவாரா?

1995ல ஸ்டீவன் ஸ்ட்ராஸ்பெர்க்னு ஒரு அமெரிக்க சர்ஜனும் கூட்டாளிகளும் ஒரு விதி சொன்னாங்க. பேரு "கிரிட்டிக்கல் வியூ ஆஃப் சேஃப்டி". வெட்டுறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கண்ணுக்குத் தெரியணும்:

1. பித்தப்பைக்கும் கல்லீரலுக்கும் நடுவுல இருக்கற முக்கோணத்துல கொழுப்பு, சவ்வு எல்லாம் சுத்தமா எடுத்திருக்கணும்.
2. பித்தப்பையோட அடிப்பகுதி, மூணுல ஒரு பங்கு, கல்லீரல்ல இருந்து பிரிஞ்சு பின்னாடி கல்லீரல் தெரியணும்.
3. பித்தப்பைக்குள்ள போறது ரெண்டே ரெண்டு குழாய். ஒண்ணு பித்தக்குழாய், ஒண்ணு ரத்தக்குழாய். மூணாவது இருக்கக் கூடாது.

மூணும் தெரிஞ்சா வெட்டு. ஒண்ணு தெரியலைன்னாலும் வெட்டாதே. அவ்ளோதான். கோடிக்கணக்குல மெஷின் வேணாம். "இதான் அது"ன்னு நம்புறதை "இது வேற எதாவும் இருக்க முடியாது"ன்னு நிரூபிக்கிறதா மாத்துற விதி. நம்ம பாஷைல சொன்னா, டெலீட் அடிக்கறதுக்கு முன்னாடி ஹோஸ்ட்நேம் செக் பண்ற ஸ்கிரிப்ட்.

அப்புறம் இதைச் சுத்தி இன்னும் சேர்த்தாங்க. வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் நிறுத்தி, கூட இருக்கறவங்களையும் "தெரியுதா"ன்னு கேக்கறது. அந்தக் காட்சியை முன்பக்கம், பின்பக்கம்னு ரெண்டு போட்டோ எடுத்து ஃபைல்ல வெக்கறது. சந்தேகம்னா சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து குழாய்ப் பாதையைப் பாக்கறது. இன்னொரு சர்ஜனைக் கூப்பிடறது. எதுவும் சரிவரலைன்னா பாதியில நிறுத்தறது. பித்தப்பையை முழுசா எடுத்தே ஆகணும்னு சட்டம் இல்ல. ஆபத்தான அடிப்பகுதியைத் தொடாம விட்டுட்டு மீதியை மட்டும் வெட்டி, கல்லை எடுத்துட்டு வரலாம். வடிகுழாய் போட்டு மூடிட்டு, வீக்கம் வடிஞ்ச பிறகு பெரிய இடத்துக்கு அனுப்பலாம். ஓபன் பண்ணலாம். இன்னிக்கு நெறைய இளம் சர்ஜன்களுக்கு ஓபன்ல பழக்கம் கம்மிங்கறதால அது மட்டுமே வழின்னும் இல்ல.

ஒரு நிமிஷம் நிறுத்திக் கேக்கறதுல என்ன பெருசா வந்துடும்னு நெனக்காதீங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஆபரேஷன் செக்லிஸ்டை எட்டு ஊர்ல, அதுல புது தில்லியும் ஒண்ணு, போட்டுப் பாத்து 2009ல வெளியிட்டாங்க. சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு எறங்குச்சு. ஒரு பக்கக் காகிதம்.

யார் மேல என் கோவம்

சித்தி டிஸ்சார்ஜ் ஃபைலை வாங்கிப் பாத்தேன். ஆபரேஷன் குறிப்பு மூணே வரி. "சிக்கலின்றி முடிந்தது"ன்னு இருந்துச்சு. வீடியோ கேட்டோம். ரெக்கார்ட் ஆகலையாம். 300 ரூபாய் ஊபர் சவாரிக்கு மேப்போட ரசீது வருது. மனுஷ வயித்துக்குள்ள கேமரா விட்டுப் பண்ற வேலைக்கு ஒரு போட்டோ இல்ல. 2002 மருத்துவ நெறிமுறை விதிப்படி நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள ஆவணங்களைக் குடுக்கணும். ஆனா வீடியோ எடுத்தே ஆகணும்னு அதுல ஒரு வரி இல்ல. இருக்கணும்.

"இது தெரிஞ்ச காம்ப்ளிகேஷன்தான், ஃபார்ம்ல கையெழுத்துப் போட்டீங்களே"ன்னாங்க. அதானே என் கேள்வி? தெரிஞ்சதுன்னா ஏன் தயாரா இல்ல? கீ ஹோல் பண்ணினவங்க மறுநாளே தெளிவா எந்திரிக்கணும். எந்திரிக்கலைன்னா, வயிறு உப்பினா, வலி கூடினா, முதல்ல சந்தேகப்பட வேண்டியது பித்தநீர்க் கசிவை. நாலு நாள் "கேஸ்"னு சொல்லி நடக்க வெச்சது கண் ஏமாந்தது இல்ல. அது பாக்க மறுத்தது. ஏமாந்ததை நான் மன்னிச்சுட்டேன். இதை மன்னிக்கலை.

இதுல இன்னொண்ணு. தப்பு நடந்தது தெரிஞ்சா அதே ஆளே தைச்சுரலாம்னு முயற்சி பண்ணக் கூடாது. லாரன்ஸ் வேயும் சக சர்ஜன் ஒருத்தரும் 1995ல வெளியிட்டது: முதல்ல ஆபரேஷன் பண்ணினவரே சரிபண்ணினதுல தேறினது 17 சதவீதம். இதுக்குன்னே இருக்கற நிபுணர் பண்ணினா 94. உடனே அனுப்பறவர்தான் நல்ல டாக்டர். ஆனா அனுப்பினா என்ன ஆகும்? எங்க மாமா வேன்ல ஆளோட போவார். நம்மாளுங்க "தொழில் தெரியாதவன்"னு பின்னூட்டம் போடுவாங்க. மறைச்சா தப்பிச்சுக்கலாம், சொன்னா அடி விழும்னு ஒரு ஊர் இருந்தா, அங்க டாக்டர் எதைச் செய்வார்?

கடைசியா என் மேல கோவம். அந்த மனுஷன் கதவைத் திறந்து வெச்சார். "ஓபன் பண்ண வேண்டி வரலாம்"னு. அந்தக் கதவைச் சாத்துனது நான். உள்ள வீக்கத்துக்கு நடுவுல சரியா தெரியாம நின்னப்போ, அவர் காதுல கல்யாண வீடுங்கற என் குரல் கேட்டிருக்காதா? அது தெரியவே போறதில்ல. ஆனா நெனச்சுக்கிட்டே இருக்கேன்.

அதனாலதான் அண்ணே, "கீறவே இல்ல"ங்கறதைப் பாராட்டுன்னு எழுதாதீங்க. யாரோட மாமாவுக்கோ "வயித்தைக் கிழிச்ச" அந்த டாக்டர், தெரியலைன்னதும் நிறுத்தின ஆளா இருக்கலாம். 18 நிமிஷம்னு நாம பெருமையா எழுதற ஒவ்வொரு பதிவும் அடுத்த சர்ஜனுக்கு ஒரு ஸ்டாப்வாட்ச்.

கீ ஹோலே வேணாம்னு நான் சொல்லலை. வலி கம்மி, புண் சீக்கிரம் ஆறும், சீக்கிரம் வேலைக்குப் போகலாம். எல்லாம் நிஜம். எனக்குக் கல் வந்தா நானும் அதைத்தான் பண்ணிக்குவேன்.

"நம்பர் ப்ளீஸ்" போட்ட நண்பருக்கு

நம்பர் என்கிட்ட இல்ல. கேள்விகள் இருக்கு. எந்த டாக்டர்கிட்ட போனாலும் மரியாதையா கேளுங்க:

1. வெட்டறதுக்கு முன்னாடி கிரிட்டிக்கல் வியூ பாப்பீங்களா? போட்டோவோ வீடியோவோ எங்களுக்குத் தருவீங்களா?
2. உள்ள கஷ்டமா இருந்தா உங்க ரெண்டாவது திட்டம் என்ன?
3. தேவைப்பட்டா இன்னொரு சர்ஜன் வர முடியுமா?
4. வீட்டுக்குப் போன பிறகு வயித்துவலி, உப்புசம், காய்ச்சல், மஞ்சள் எது வந்தாலும் ராத்திரி யாரைக் கூப்பிடணும்?

கேட்டதுக்கு எரிஞ்சு விழுந்தா வேற டாக்டரைப் பாருங்க. பொறுமையா படம் வரைஞ்சு விளக்கினா, கைராசி இருக்கோ இல்லையோ, அங்கயே சேருங்க.

அஞ்சாவது கேள்வி இல்ல, நீங்க சொல்ல வேண்டியது. அம்மாவை உள்ள தள்ளிட்டுப் போறதுக்கு முன்னாடி சொல்லுங்க: "சந்தேகமா இருந்தா நிறுத்திருங்க டாக்டர். ஓபன் பண்ணினாலும் சரி, பாதியில விட்டாலும் சரி, நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டோம்."

நான் சொல்லாம விட்டது அந்த ஒரு வரிதான்.

பி.கு: சித்தி இப்போ பரவாயில்லை. குறிப்பிட்ட இடைவெளில ரத்தப் பரிசோதனை, காய்ச்சல்னா குடும்பமே தெர்மாமீட்டரோட நிக்கும். இதை எழுதலாமான்னு போன்ல கேட்டேன். "எழுது, ஆனா அந்த டாக்டர் பேரு போடாத. அவருக்கும் பொண்ணு இருக்கு"ன்னாங்க. போடலை.